அம்மீட்டர் இருந்த இடம்

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் நம்மூரில் உடனே வரும் தீர்ப்பு: "பேட்டரி போச்சு." புதுசு வாங்கிப் போடுகிறோம். நாலு நாள் ஓடுகிறது, ஐந்தாம் நாள் மறுபடியும் அதே கதை. பேட்டரி சாகவில்லை, அதற்குச் சோறு போட வேண்டியவர் போடவில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. பசியா நோயா என்ற இந்தக் கேள்விக்கு கார்கள் எப்படியெல்லாம் பதில் சொல்லி வந்திருக்கின்றன என்று தேடிப் படித்தேன். அதில் ஒரு விநோதம் இருந்தது. வண்டி மேம்பட மேம்பட, ஓட்டுகிறவரிடம் அது பேசுவது குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஆரம்பகால பெட்ரோல் கார்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. விளக்குக்கு அசிட்டிலீன் வாயு, கிளப்புவதற்குக் கைப்பிடி. கைப்பிடி திருப்பி உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். 1912ஆம் ஆண்டின் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் வந்தது. கூடவே ஒரு கடன் கணக்கும் ஆரம்பித்தது. செல்ஃப் எடுக்கும்போது பேட்டரியிடம் வாங்குவதை, வண்டி ஓடும்போது திருப்பிக் கட்ட வேண்டும். கட்டுகிற வேலை டைனமோவுடையது.

அந்தக் கணக்குப் புத்தகம்தான் அம்மீட்டர். 1919இல் ஃபோர்டு மாடல் டி காருக்கு மின் ஸ்டார்ட்டர் வந்தபோது டாஷ்போர்டில் அதுவும் வந்து உட்கார்ந்தது. முள் ஒரு பக்கம் சாய்ந்தால் வரவு, மறுபக்கம் சாய்ந்தால் செலவு. அந்த டைனமோவில் ரெகுலேட்டர் கிடையாது. மூன்றாவதாக ஒரு பிரஷ் இருக்கும், அதை நகர்த்தி வைத்துத்தான் சார்ஜைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பகலில் நெடுந்தூரம் போனால் சார்ஜ் மிஞ்சிப்போய் பேட்டரித் தண்ணீர் வற்றும். அதற்காகப் பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே கட்-அவுட் என்ற ஒரு ரிலே. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், வண்டி நிற்கும்போது பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துவிடும். இதையெல்லாம் ஓட்டுகிறவர் முள்ளைப் பார்த்தே ஊகித்தார். தொல்லைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த தொல்லை.

1930களில் ரெகுலேட்டர் வந்தது. சார்ஜைத் தானே அளந்து கொடுத்தது. அதே பத்தாண்டில் அமெரிக்காவின் ஹட்சன் கார்கள் அளவு முள்ளை எடுத்துவிட்டு ஒரு சிவப்பு விளக்கை வைத்தன. மற்ற நிறுவனங்களும் மெல்ல அதே வழிக்கு வந்தன. அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'முட்டாள் விளக்கு'. எவ்வளவு என்று சொல்லாது, போச்சு என்று மட்டும் சொல்லும் என்பதால்.

அடுத்த திருப்பம் ஆல்டர்னேட்டர். டைனமோவில் மொத்த மின்சாரமும் சுழலும் பாகத்திலிருந்து பிரஷ் வழியாக வெளியே வர வேண்டும். அதை ரொம்ப வேகமாகச் சுற்றவிட முடியாது. அதனால் ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது, சிக்னலில் நின்றால் விளக்கு மங்கும். ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். சுழலும் ரோட்டருக்குச் சிறிய மின்சாரம் போகிறது, பெரிய மின்சாரம் அசையாத ஸ்டேட்டரிலிருந்து வருகிறது. ஆனால் வருவது ஏ.சி., பேட்டரிக்கு வேண்டியது டி.சி. மலிவான சிலிக்கான் டயோடு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1960இல் கிறைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை எல்லா வண்டிக்கும் பொதுவாக வைத்தது. மின்சாரத்தைத் திரும்பிப் போகவிடாத டயோடு, கட்-அவுட்டின் வேலையையும் பார்த்துக்கொண்டது. நம்மூரில் அம்பாசடரும் பத்மினியும் டைனமோவோடு வந்து பிற்பாடு ஆல்டர்னேட்டருக்கு மாறியவை.

எனக்குப் பிடித்த இடம் இங்கேதான் வருகிறது. பழைய பாணி ஆல்டர்னேட்டரில் அந்தச் சிவப்பு பல்பின் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியோடும், மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் சேர்ந்திருக்கும். சாவியைத் திருப்பினால் பல்ப் வழியாக ரோட்டருக்கு மின்சாரம் போகிறது, பல்ப் எரிகிறது. அந்தத் துளி மின்சாரம்தான் காந்தத்தை எழுப்பிவிடுகிறது. ஆல்டர்னேட்டர் உற்பத்தியைத் தொடங்கியதும் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ், பல்ப் அணைகிறது. அப்படியென்றால், பல்ப் ஃபியூஸ் போனால்? எச்சரிக்கை வராது, பல வண்டிகளில் சார்ஜும் ஏறாது. சாட்சியும் அவரே, குற்றவாளியும் அவரே. அதனால்தான் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன், வண்டி ஓடும்போது விளக்கு எரிகிறதா என்று கேட்பதற்கு முன்னால், சாவி போட்டதும் எரிந்ததா என்று கேட்கிறார்.

அறிவுக்கும் காலாவதி தேதி உண்டு என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது. டைனமோ காலத்தில் ஒரு பழக்கம்: இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. இன்ஜின் நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லாயிருக்கு. ஆல்டர்னேட்டரில் அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் சட்டென்று பல மடங்கு எகிறி டயோடைச் சாகடிக்கும். இன்றைய வண்டியில் ஈ.சி.யு.வையும் சேர்த்து. நோயைக் கண்டுபிடிக்கச் செய்த சோதனையே நோயாகிவிட்டது. மென்பொருளிலும் இது நடக்கும். அமைப்பு மாறியிருக்கும், பழைய டெஸ்ட் மட்டும் அப்படியே கிடக்கும். ஆனால் எங்கள் டெஸ்ட் எதையும் எரித்துவிடுவது அபூர்வம்.

அதற்குப் பதில் வந்தது மல்டிமீட்டர். இன்ஜின் ஓடாமல் ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12ஐ ஒட்டி இருந்தால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சோறு வருகிறது. ஓடும்போதும் 12தான் என்றால் முதலில் பெல்ட், பிறகு வயர், பிறகு பிரஷ், ரெகுலேட்டர். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. ஆல்டர்னேட்டரில் 14.4, பேட்டரி முனையில் 13.2 என்றால் நடுவில் எங்கோ துரு வழிமறிக்கிறது. பல ஆண்டுகளாக இந்த நாலு எண்கள் போதுமாக இருந்தன.

இப்போது அதுவும் ஆட்டம் காண்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த, சார்ஜை ஈ.சி.யு. தீர்மானிக்கிறது. பிரேக் பிடிக்கையில் கூட்டும், மற்ற நேரத்தில் 12.5 பக்கம்கூட இறக்கிவிடும். மீட்டரில் அதைப் பார்த்து நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. ஈ.சி.யு. என்ன நினைத்தது என்று கேட்க ஸ்கேனர் வேண்டும். பஜார் தெருவில் காயில் கட்டிப் பழகியவரிடம் அது இல்லை. வண்டி பேசுவதை நிறுத்திவிடவில்லை. யாரிடம் பேசுவது என்று தேர்ந்தெடுக்க ஆரம்பித்திருக்கிறது.

மின்சாரக் கார் வந்தால் இந்தக் கதை முடிந்துவிடும் என்று நினைக்கலாம். அதிலும் சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சுகளை எழுப்புவது அதுதான். அதற்கு சார்ஜ் கொடுக்க ஆல்டர்னேட்டரின் இடத்தில் ஒரு டி.சி. கன்வெர்ட்டர். அது மக்கர் செய்தால், பெரிய பேட்டரி நிறைந்திருக்க வண்டி அசையாமல் நிற்கும். அப்போதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு" என்பார். எந்த பேட்டரி, ஏன் போச்சு என்று திருப்பிக் கேட்க, சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அம்மீட்டர் இருந்த இடம் ரொம்ப காலமாகக் காலியாகத்தான் இருக்கிறது.