யூஸ்தெனொப்டெரான்

யூஸ்தெனொப்டெரான் என்பது ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பின் டெவோனியக் காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன கொன்றுண்ணி மீன் பேரினம் ஆகும். இது சதைத்துடுப்பு மீன் வகுப்பைச் சேர்ந்தது. இதன் புதைபடிவங்கள் கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மிகுவாஷாவில் பெருமளவில் கிடைத்துள்ளன. ஜே. எஃப். வைட்டீவ்ஸ் 1881 இல் இதனை விவரித்துப் பெயரிட்டார். மிகுவாஷா 1999 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

உடலமைப்பு

இம்மீன் ஒன்றரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. கூரிய பற்களும் முக்கவர் வடிவ வாலும் கொண்டது. முதுகுத் துடுப்புகள் வாலை ஒட்டி அமைந்திருந்தமையால், மறைந்திருந்து திடீரெனப் பாய்ந்து இரையைப் பிடித்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இதன் மார்புத் துடுப்பினுள் ஒரு மேற்கை எலும்பும் அதனை அடுத்து இரு முன்கை எலும்புகளும் இருந்தன. மனிதக் கையிலும் இதே வரிசை காணப்படுகிறது. எனினும் இதற்கு விரல்கள் இல்லை.

ஆய்வுகள்

சுவீடன் நாட்டுத் தொல்லுயிரியலாளர் எரிக் யார்விக், இதன் மண்டையோட்டுப் புதைபடிவத்தை மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்து, ஒவ்வோர் அடுக்கையும் வரைந்து, பெரிதாக்கிய மெழுகு மாதிரியை உருவாக்கினார். உள்நாசித் துளைகள் உள்ளிட்ட உறுப்புகள் இவ்வாறு விரிவாக அறியப்பட்டன.

படிமலர்ச்சியில் முக்கியத்துவம்

பழைய நூல்கள் சிலவற்றில் இம்மீன் தரையில் ஊர்ந்து ஏறுவதாகச் சித்திரிக்கப்பட்டது. இன்று இது முழுமையான நீர்வாழ் மீனாகவே கருதப்படுகிறது. ஆகவே நாற்கால் விலங்குகளின் கை எலும்புகளுக்கு அடிப்படையான அமைப்பு, நிலத்தில் நடப்பதற்கு முன்பே நீரில் தோன்றிவிட்டது என்பதற்கு யூஸ்தெனொப்டெரான் முக்கியச் சான்றாகும்.