முழமும் கஜமும்: நாகலாபுரம் வட்டாரத்தை முன்வைத்துத் துணியளவை வரலாறு

முன்னுரை

தமிழர் அளவை மரபு எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படும். தானியம் முகந்தும், பொன் நிறுத்தும், வெற்றிலை எண்ணியும் விற்கப்பட்டன. துணி நீட்டி அளந்து விற்கப்படும் பொருள் என்பதே இன்றைய பொதுக் கருத்து. ஆனால் துணி எக்காலத்தும் நீட்டலளவையால்தான் விற்கப்பட்டதா, கஜம் என்னும் அலகு எவ்வாறு நிலைபெற்றது, அளவுகோல் யார் கையில் இருந்தது என்னும் வினாக்கள் விரிவான ஆய்வுக்கு உரியன. திருப்பதி மாவட்டத்தின் நாகலாபுரத்தையும் அதனைச் சூழ்ந்த நெசவு வட்டாரத்தையும் முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்களம்

நாகலாபுரம் விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயரின் அன்னை நாகலாதேவியின் பெயரால் அமைந்த ஊர். மச்சாவதாரக் கோலத்தில் திருமால் எழுந்தருளியுள்ள வேதநாராயணர் கோயில் இவ்வூரின் சிறப்பு. இவ்வட்டாரத்தை ஒட்டிப் பாயும் ஆரணியாறு ஊத்துக்கோட்டை வழியாகச் சென்று பழவேற்காட்டிற்கு அருகே கடலில் கலக்கிறது. வடமேற்கே நாராயணவனமும் புத்தூரும், மேற்கே நகரியும் நெசவுக்குப் பெயர்பெற்றவை. நெசவூர்களை ஒருபுறமும் ஏற்றுமதித் துறைமுகத்தை மறுபுறமும் கொண்ட இந்நிலப்பகுதி, துணியளவை மாறிய வரலாற்றை அறிய ஏற்ற களமாகும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்பகுதி என்பதும் கருதத்தக்கது.

அறுவையும் மடியும்

துணியைக் குறிக்கும் பழஞ்சொற்கள் சில வெட்டுதல் என்னும் பொருளடியாகப் பிறந்தவை. அறு என்பதிலிருந்து அறுவையும், துணி என்னும் வினையிலிருந்து துணியும், துண்டி என்பதோடு இயைந்து துண்டும் அமைந்தன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவரின் பெயர் துணி வணிகம் தனித்தொழிலாக விளங்கியமைக்குச் சான்று. இங்கு வெட்டு என்பது கடைக்காரர் கத்தரியால் செய்யும் வெட்டன்று. தறியில் நெய்து முடித்த ஆடையைப் பாவிலிருந்து அறுத்தெடுக்கும் வெட்டு எனக் கொள்வதே பொருந்தும். ஒரு பாவில் பல ஆடைகளை அடுத்தடுத்து நெய்து, முடிவிடத்தில் அறுத்துப் பிரிப்பது கைத்தறி நெசவின் இயல்பு. ஆகவே உடுப்பவர்க்கு வேண்டிய நீளம் தறியிலேயே முடிவாகிவிடுகிறது. வாங்குவோர் நீளத்தை வாங்கவில்லை, ஆடையை வாங்கினர்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் அறுவை வீதியைக் காட்டும்போது மடிக்கப்பட்ட ஆடைகளின் அடுக்குகளையே காட்டுகிறது. மடி எண்ணத்தக்கது. எனவே பழந்தமிழகத்தில் துணி விற்பனை பெரிதும் எண்ணலளவையைச் சார்ந்திருந்தது எனக் கருத இடமுண்டு.

உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு இக்கருத்துக்குத் துணைசெய்கிறது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இச்செப்பேடு, கச்சிப்பேட்டில் பெறப்பட்ட கோல்நிறைகூலி, கால்அளவுகூலி ஆகிய வருவாய்களைக் கோயிலுக்கு உரியனவாகக் கூறுகிறது. கோல்நிறை என்பது துலாக்கோலால் நிறுப்பதையும், கால்அளவு என்பது மரக்காலால் முகப்பதையும் குறிப்பதாகக் கொள்வர். நெசவாளர் சேரிகளைக் குறிப்பிட்டு அவர்களிடம் கோயில் நிதிப் பொறுப்பையும் ஒப்படைக்கும் இதே ஆவணத்தில், துணியை நீட்டி அளப்பதற்கான கூலி இவற்றோடு இடம்பெறவில்லை. ஒரு சான்றைக்கொண்டு முடிந்த முடிபு கூறுதல் பொருந்தாதெனினும், இக்குறிப்பு சிந்திக்கத்தக்கது. சோழர் காலத்துத் தறியிறையும் துணியின் நீளத்தின்மேல் அன்றித் தறியின்மேல் விதிக்கப்பட்டதே ஆகும்.

உடலளவும் கோலளவும்

நீட்டலளவை தமிழர்க்குப் புதிதன்று. 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். 4 முழம் ஒரு பாகம் என்பது வழக்கு. நிலம் அளக்கக் குறிப்பிட்ட சாண் நீளமுள்ள கோல்கள் வகுக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. நிலத்திற்கு வரி உண்டு. ஆதலால் அளவுகோல் ஊரறியப் பொதுவாக இருந்தது. ஆடைக்கோ உடுப்பவர் உடலே அளவுகோல். முழங்கை முதல் நடுவிரல் நுனிவரை உள்ள அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். பூக்கடையில் இன்றும் முழம் என்பது விற்பவர் கையளவே.

கஜம் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. முகலாயர் காலத்தில் அக்பரின் இலாகி கஜம் 41 விரல் கொண்டதாக வகுக்கப்பட்டதை அயினி அக்பரி கூறுகிறது. பிற்காலத்தில் ஆங்கிலேயரின் 36 அங்குல யார்டுக்கும் கஜம் என்னும் பெயரே தமிழில் நிலைத்தது. சொல் பாரசீகத்தினது, அளவு ஆங்கிலேயருடையது.

18 அங்குல முழம் இரண்டு சேர்ந்தால் ஒரு கஜம். கஜத்தில் பாதி முழம். காற்பங்கு 9 அங்குலச் சாண். அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதி பாதியாக இறங்கும் தமிழ்ப் பின்ன வாய்பாட்டோடு கஜம் முரணின்றிப் பொருந்தியது. துணியை இரண்டாக மடித்தால் பாதி; மீண்டும் மடித்தால் கால். எழுத்தறியாதவரும் மடித்துப் பார்த்தே கணக்கைச் சரிபார்க்கலாம். அயல் அலகு எதிர்ப்பின்றி வேரூன்றியதற்கு இப்பொருத்தம் ஒரு காரணம் எனலாம்.

பழவேற்காடும் கும்பினியும்

டச்சுக்காரர் பழவேற்காட்டில் காலூன்றி 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி 1639இல் சென்னையில் இடம்பெற்றது. இரு குழுமங்களுக்கும் சோழமண்டலக் கடற்கரைத் துணி இன்றியமையாத சரக்கு. தென்கிழக்காசியாவின் நறுமணப் பொருள்களைப் பெறுவதற்கு இத்துணியே மாற்றுப் பொருளாக உதவியது.

ஏற்றுமதி வணிகத்தில் ஆடை சரக்காயிற்று. யார் உடுப்பார் என்று நெசவாளர்க்குத் தெரியாது. கிடங்கில் ஒவ்வொரு பீசும் ஒரே நீளமும் ஒரே பன்னாவும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பதே ஒப்பந்தம். கும்பினியார் சென்னையில் துணியைக் கோவிட் என்னும் அலகால் அளந்தனர். இது போர்த்துகீசியரின் கோவாது என்பதன் திரிபு. ஏறத்தாழ 18 அங்குலம். அதாவது முழத்தையே அயல்பெயரால் வழங்கினர். லாங்கிளாத் எனப்பட்ட நீளத்துணி ஏறத்தாழ 72 கோவிட், அதாவது 36 கஜம் கொண்டது. துணியின் செறிவு, பாவிழைத் தொகுதியாகிய புஞ்சத்தின் எண்ணிக்கையால் கணிக்கப்பட்டது. நீளம், அகலம், இழையெண் என்னும் மூன்றும் சேர்ந்தே விலையை வரையறுத்தன.

முன்பணம் பெற்று நெய்தவர் துணியை ஒப்படைக்கும் இடத்தில் அளவுகோல் அவர் கையில் இல்லை. நெய்யும்போது இழுத்துக் கட்டப்பட்ட பாவு, அறுத்தபின் சிறிது சுருங்கும். கஞ்சியிட்ட துணியும் வெளுத்த துணியும் ஒரே நீளம் காட்டா. இழுத்துப் பிடித்து அளந்தால் ஓர் அளவு. தளரவிட்டு அளந்தால் மற்றோர் அளவு. தறியில் நிறைவாக இருந்தது கிடங்கில் குறைவாகலாம். குறைந்த துணி கழிக்கப்பட்டது அல்லது விலை குறைக்கப்பட்டது. நெசவாளரின் கூலி சில விரற்கடைகளில் தங்கியிருந்தது. சாண் ஏற முழம் சறுக்கிய நிலை என்று இதனைச் சொல்லுதல் மிகையாகாது. நீட்டலளவை துணி வணிகத்தில் முதன்மை பெற்ற இடம், வாங்குவோர்க்கும் நெய்வோர்க்கும் இடையே கிடங்கு நுழைந்த இடமே என்பது இதனால் புலப்படுகிறது.

1889ஆம் ஆண்டுச் சட்டங்கள்

19ஆம் நூற்றாண்டில் வணிகத்தின் திசை மாறியது. மான்செஸ்டர் ஆலைத்துணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கி உள்நாட்டுச் சந்தைகளை அடைந்தது. ஆலைத்துணி ஆடையாக வருவதன்று. நீண்ட சுருளாகவோ மடிப்பாகவோ வருவது. அதனைக் கடையில் அளந்து வெட்டியே விற்றல் வேண்டும். சட்டை, ரவிக்கை முதலிய தைத்த உடைகள் பரவியமையும் இதற்குத் துணைநின்றது. புடவைக்கும் வேட்டிக்கும் தறியே அளவு தரும். சட்டைக்குத் தையற்காரர் சொல்லும் கஜக்கணக்கே அளவு. ஆகவே கஜக்கோல் கடையின் மேசைக்கு வந்ததும் தையல் பெருகியதும் ஒரே மாற்றத்தின் இரு கூறுகளாகும்.

1889இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. நீட்டலளவைச் சட்டம் 36 அங்குல யார்டைப் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமுறை நீள அளவாக்கியது. அவ்வாண்டின் இந்திய வணிகக் குறிச் சட்டம், நீளக்கணக்கிலோ பீசாகவோ விற்கப்படும் ஆலைத்துணியின் ஒவ்வொரு பீசிலும் அதன் நீளத்தை யார்டுக் கணக்கில் தெளிவாக முத்திரையிடல் வேண்டும் என்றது. கடையில் வாங்குவோர் துணியின் நீளத்தைத் துணியிலேயே படிக்கும் வாய்ப்பைப் பெற்றனர்.

இவ்விதி தொழிற்சாலை எனப்படும் இடங்களில் ஆக்கப்பட்ட துணிக்கே உரியது. வீட்டுத் தறியில் நெய்த துணிக்கு அன்று. எனவே ஒரே சந்தையில் இருவகைத் துணிகள் நிலவின: முத்திரையால் நம்பப்பட்ட ஆலைத்துணி, நெய்தவர் அல்லது விற்றவர் சொல்லால் நம்பப்பட்ட கைத்தறித்துணி. கைத்தறி தன் பழைய இயல்பில் ஆடைப்பெயரையே அளவாகக் கொண்டு தொடர்ந்தது. நாலுமுழ வேட்டி, எட்டுமுழ வேட்டி, ஒன்பது கஜப் புடவை என்பன அளவும் பெயரும் ஒன்றான வழக்குகள்.

மீட்டர் வருகை

1956ஆம் ஆண்டு எடையளவுத் தரச் சட்டம் மெட்ரிக் முறையை ஏற்றது. 1958 அக்டோபர் முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்து 1960களின் முற்பகுதியில் நிலைபெற்றது. இவ்வட்டாரத்திற்கு அவ்வாண்டுகள் மற்றொரு மாற்றத்தையும் கொணர்ந்தன. 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் நாகலாபுரத்தை அடுத்த சத்தியவேடு வட்டாரம் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்தோடும், திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடும் இணைந்தன. 1957இல் அணா நயாபைசாவாகியது. காசும் கோலும் எல்லையும் ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குள் மாறின.

1959இன் பன்னாட்டு உடன்பாட்டின்படி ஒரு கஜம் 0.9144 மீட்டர். மீட்டர் விலை கொடுத்துக் கஜ அளவில் துணி பெற்றவர் மீட்டருக்கு 8.56 செ.மீ. இழந்திருப்பார். அளவுகோலில் அரசு முத்திரை இருத்தல் வேண்டும் என்னும் விதியின் பயன் இங்கு விளங்கும். மேலும், மீட்டர் பத்துப் பத்தாகப் பிரிவது. துணியைப் பத்தாக மடித்தல் எளிதன்று. மடித்துச் சரிபார்க்கும் பழைய வழி வலுவிழந்து, கோலில் பொறித்த கோடுகளைப் படிக்கும் திறன் இன்றியமையாததாயிற்று.

ஆயினும் பழைய அலகுகள் மறையவில்லை. 6 கஜம் 5.486 மீட்டர், இன்றைய புடவையின் ஐந்தரை மீட்டர் என்பது ஆறு கஜத்தின் மறுவடிவமே. நாலு முழம் 1.83 மீட்டர், எட்டு முழம் 3.66 மீட்டர். ஒன்பது கஜம் 8.23 மீட்டர். 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை அளவையியல் சட்டம் மெட்ரிக் அலகையே ஏற்பினும், வேட்டி முழத்தாலும் மடிசார்ப் புடவை கஜத்தாலும் சட்டைத்துணி மீட்டராலும் வழங்குகின்றன. உடலில் சுற்றுவது உடலளவில் நின்றது. வெட்டித் தைப்பது கோலளவுக்கு மாறியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. தமிழகத்தில் துணி தொடக்கத்தில் பெரிதும் ஆடையாக எண்ணி விற்கப்பட்டது. ஏற்றுமதி வணிகமே நீளத்தை விலையின் அடிப்படையாக்கியது. கஜம் நிலைபெற்றமைக்கு அது முழத்தோடும் தமிழ்ப் பின்ன முறையோடும் இயைந்தமை ஒரு காரணம்; ஆலைத்துணியும் தையலும் மற்றொரு காரணம். 1889ஆம் ஆண்டுச் சட்டங்கள் வாங்குவோர்க்கு ஓரளவு காப்பளித்தன. கிடங்கின் கோலுக்குமுன் நின்ற கைத்தறி நெசவாளர்க்கு அவை காப்பளித்தன எனக் கூற இயலாது.

அளவை வரலாறு பெரும்பாலும் அலகுகளின் பட்டியலாகவே எழுதப்பட்டுள்ளது. அளந்தவர் யார், அளக்கப்பட்டவர் யார் என்னும் வினாவோடு அதனை அணுகினால் உழைப்பின் வரலாறும் உடன்வெளிப்படும். நாராயணவனம், புத்தூர், நகரி நெசவாளர் வழக்கிலுள்ள அளவைச் சொற்களைத் தமிழ், தெலுங்கு ஆகிய இருமொழியிலும் தொகுத்தல் இத்துறையில் அடுத்து ஆற்றவேண்டிய பணியாகும். கைத்தறிகள் குறைந்துவரும் இந்நாளில் அப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.