கணினி விசிறி பழுதானால்: மலையகத்து வீடுகளுக்கான சில குறிப்புகள்

நமுனுகுல பக்கத்து லயன் வீடுகளில் கணினி பெரும்பாலும் முன் அறையில்தான் இருக்கும். அதை ஒட்டியே அடுப்படி. இடையில் ஒரு சுவர், சில வீடுகளில் வெறும் துணித்திரை. விறகுப் புகையும் காலை மாலைப் பனிமூட்டமும் வீட்டுக்குள் சர்வசாதாரணமாக வந்துபோகும். "இந்தக் குளிருக்குள்ள கம்ப்யூட்டர் எப்படிங்க சூடாகும்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சூடு வெளியிலிருந்து வருவதில்லை, சீபீயூ என்கிற சில்லிலிருந்து வருகிறது. அதன்மேல் இருக்கும் அலுமினிய வெப்பத்தகட்டின் இடுக்குகளில் புகைக்கரியும் ஈரத் தூசியும் படிந்து அடைத்துவிட்டால், வெளியில் எவ்வளவு குளிர் இருந்தாலும் அந்தக் காற்று உள்ளே போகாது.

விசிறி மலிவான பொருள். ஆனால் அது பழுதாகும்போது ஆபத்துக்குள்ளாவது மலிவானதல்ல. 1977இலும் 1983இலும் நடந்த வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களின் உறவினர்கள் இன்னும் இந்தத் தோட்டங்களில் இருக்கிறார்கள். போரில் காணாமல் போனவரின் ஒரே புகைப்படம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்கள் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே வன்தட்டில் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மூலப் பிரதி பல வீடுகளில் இல்லை, இடம்பெயர்வில் போய்விட்டது. எங்கள் பதுளை மாவட்டத்திலேயே 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்த மண்சரிவில் லயன்களோடு சேர்ந்து கடதாசிகளும் மண்ணுக்குள் போயின.

எனவே விசிறியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது பிரதி எடுப்பது. கணினி பத்து நிமிடம் ஓடி அணைகிறது என்றால், அந்தப் பத்து நிமிடத்தையும் முக்கியமான கோப்புகளை பென் டிரைவில் போடுவதற்குப் பயன்படுத்துங்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை நேராக உள்ளே அடிக்கவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். அணைந்த கணினியை உடனே மறுபடி மறுபடி போடாதீர்கள். சூட்டில் சட்டென்று அணைவதால் வன்தட்டு அழிந்துவிடாது. ஆனால் அது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் கெடலாம்.

இனி பழுதைக் கண்டுபிடிப்போம். கணினியைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பயோஸ் திரை வரும். பெரும்பாலான கணினிகளில் அங்கே விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, சீபீயூ எத்தனை பாகை என்பது தெரியும். விசிறியின் எண் பூச்சியமாக இருந்தால் விசிறியோ அதன் வயரோ பழுது. சுற்று நன்றாக இருந்தும் சூடு 80, 90 பாகை செல்சியஸ் என்று ஏறிக்கொண்டே போனால் விசிறியைக் குறை சொல்ல வேண்டாம்; தூசி, காய்ந்த வெப்பப் பசை, அல்லது தளர்ந்த வெப்பத்தகடு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் நல்ல விசிறியைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்குகிறார்கள்.

பிறகு கணினியை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பெட்டியைத் திறந்து விசிறியை விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். லேசாகச் சில சுற்றுகள் சுற்றி மெல்ல நின்றால் நல்லது. உடனே நின்றாலோ, மணல் அரைப்பதுபோல் இருந்தாலோ அதன் தாங்கி காய்ந்துவிட்டது. நன்றாகச் சுற்றியும் கணினி போட்டால் ஓடவில்லை என்றால், வயர் ஏதும் இறக்கையில் மாட்டியிருக்கிறதா, மதர்போர்டில் சீபீயூ விசிறிக்கு என்று குறித்த ஊசிகளில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு இடத்தில் செருகியிருந்தால் விசிறி ஓடினாலும் "சீபீயூ ஃபேன் எரர்" என்று திரையில் வரும்.

தூசிக்குக் காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். சைக்கிள் பம்பால் காற்றடிக்கலாம். அப்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் தாங்கி கெடும். புகைக்கரி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கும், ஊதினால் போகாது. விசிறியைக் கழற்றி, இறக்கைகளை மட்டும் லேசாக நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

காய்ந்த தாங்கிக்குத் தையல் மெசின் எண்ணெய் நல்லது. விசிறியின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் சிலவற்றில் ஒரு சிறிய றப்பர் மூடி இருக்கும். அதைத் திறந்து ஒரு துளி, மிஞ்சினால் இரண்டு. மறுபடி மூடி, ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எங்கள் ஊர்க் குளிரில் அது உறையும், பிறகு தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். முழுதாக மூடிய விசிறிகளும் உண்டு. அவற்றைத் துளைத்துப் பார்க்க வேண்டாம். எண்ணெய் விட்டது சில மாதங்களுக்குத்தான் தாங்கும். அதற்குள் புதிய விசிறிக்குக் காசு சேர்த்துக்கொள்ளலாம்.

புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். 80, 92, 120 மில்லிமீற்றர் என்று அளவுகள் உண்டு. மூன்று ஊசி, நான்கு ஊசி என்று இணைப்பிகள் உண்டு. மூன்று ஊசி விசிறி நான்கு ஊசி இடத்திலும் பொருந்தும், ஆனால் சில மதர்போர்டுகளில் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி கணினிகள்தான் இங்கே பல வீடுகளுக்கு வருகின்றன. அவற்றில் சிலவற்றின் இணைப்பி வேறு வடிவம். சாதாரண விசிறி பொருந்தாது. பொருத்தும்போது காற்றின் திசையையும் பாருங்கள். குறுக்குச் சட்டங்கள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும்.

வெப்பத்தகட்டைக் கழற்றினால் பழைய பசையைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசை வைக்க வேண்டும். பற்பசை வைக்கும் வழக்கம் இருக்கிறது. சில நாளில் காய்ந்து வெடித்துவிடும். இன்டெல் கணினிகளோடு வரும் வெப்பத்தகட்டை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் பிடித்திருக்கும். குலுக்கி எடுக்கும் தோட்டப் பாதையில் பஸ்ஸில் வந்த கணினி என்றால் அந்த நான்கையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒன்று கழன்றிருந்தாலும் சூடு ஏறும்.

பின்பக்கத்தில் மின் வயர் செருகும் பெட்டிக்குள்ளும் ஒரு விசிறி இருக்கிறது. அதை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே வருகிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கொள்ளளவிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அந்த விசிறி நின்றால் முழுப் பெட்டியையும் மாற்றுவதே வழி.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதைக் கம்பளியின் மேலும் மெத்தையின் மேலும் வைத்துப் பாவிப்பதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை குறையும்.

இவ்வளவும் பார்த்தும் சரிவரவில்லை என்றால் பசறைக்கோ பதுளைக்கோ கொண்டுபோகத்தான் வேண்டும். அங்கே சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு: எந்தப் பழுது என்றாலும் வன்தட்டை ஃபோர்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் இருபது வருடப் புகைப்படங்கள் அப்படித்தான் போயின, விசிறிச் சத்தத்துக்காகக் கொடுத்த கணினியில். விசிறியைச் சரிசெய்ய வன்தட்டு அவசியமே இல்லை. பயோஸ் திரையில் சூட்டைப் பார்க்க அது இல்லாமலும் முடியும். நான்கு திருகாணி, இரண்டு வயர். கழற்றி, துணியில் சுற்றி, அலுமாரியில் வைத்துவிட்டு மிச்சப் பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள். கடையில் கேட்டால், வீட்டில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.