தோட்டத்தார் தமிழும் அதன் பாதுகாப்பும்

1877ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு வித்திலிருந்து வந்து, பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ என்பாரால் கோலக்கங்சாரில் நடப்பெற்ற ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று, முதுமரமாகி இன்றும் அங்கே நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது. அவ்வின மரங்களை மூன்று தலைமுறைக் காலம் சீவிப் பிழைத்த நம் மக்களின் பேச்சோ, கொச்சை என்ற ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டு, போற்றுவாரின்றி மறைந்து வருகிறது. மரத்துக்கு உள்ள மதிப்பு அதைச் சீவியவர் மொழிக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அம்மொழியின் இயல்பைக் காண ஒரு காலைப்பொழுது போதும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கிராணியிடம் பெயர் கொடுத்து, தனக்குரிய நிரைக்குச் சென்ற பெண், முந்திய நாள் வெட்டில் காய்ந்து கிடந்த கோட்டுப்பாலை நாடாவாக உரித்துக் கூடையிலிட்ட பிறகே உளியை மரத்தில் வைப்பாள். வழிந்த பால் மங்கில் விழும். இவற்றுள் பெரட்டு ஆங்கிலேயரின் 'பரேட்'. கிராணி மலாயரோடு பகிர்ந்த சொல். ரப்பருக்கு வழங்கிய கித்தா என்பதோ மலாயரின் 'கெத்தா'. கோடும் நிரையும் பழந்தமிழே. அந்நியச் சொல்லைத் தன் நாவுக்கு இணங்க வைத்தும், தன் சொல்லைப் புதுத் தொழிலுக்கு விரித்தும் ஒரு சமுதாயம் செய்த இச்சிருஷ்டியைச் சிதைவு என்பது நியாயமாகாது.

வட அயர்லாந்தின் அல்ஸ்டர் ஸ்காட்ஸ் இதே பழியைச் சுமந்த மொழி. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுசென்றது அது. அக்குடியேற்றத்துக்கும் ஆங்கிலத்தில் தோட்டம் என்று பொருள்படும் பெயரே வழங்கியது என்பது நம் சிந்தனைக்குரியது. அது தனி மொழியா, கிளைமொழியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் 1960களில் ராபர்ட் கிரெக் கிராமத்தாரின் வாய்மொழியைக் கேட்டு அதன் எல்லைகளை வரைந்தார். 1995இல் ஜேம்ஸ் ஃபென்டன் ஆண்ட்ரிம் வட்டாரச் சொற்களைத் தொகுத்து நூலாக்கினார். 1998இன் பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை அம்மொழியைப் பெயர் சொல்லி மதித்தது. அதன் பயனாக அதற்கென ஒரு ஸ்தாபனமும் எழுந்தது. தொகுத்தவர் முன்னே சென்றனர், அரசு பின்னே வந்தது.

தோட்டத் தமிழைத் தனி மொழி என நாட்ட வேண்டிய அவசியம் நமக்கில்லை, அது தமிழே. அதற்கு இடமளித்தால் பிள்ளைகளின் செந்தமிழ் தளரும் என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் அஞ்சுவதை நான் அறிவேன். தமிழ்ப் பள்ளிகளைப் பல இடர்களுக்கிடையே காத்துவரும் அவர்களது கவலை மரியாதைக்குரியது. ஆயினும் பாட்டியின் சொல்லைக் கேட்டு நாணும்படி பழகிய பிள்ளை, நாளடைவில் தமிழ் பேசவே நாணுவான் என்பதும் எண்ணத்தக்கது.

காலமோ குறுகிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். நிலத்துக்கு அவ்வாறு ஒரு காவல் எழுந்தது, சொல்லுக்கு எழவில்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்க, லயத்தில் வாழ்ந்தோர் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். செம்பனைக்குக் கோடுமில்லை, மங்குமில்லை. அத்தொழிற்சொற்கள் இனி முதியோர் நினைவிலேதான் தங்கியுள்ளன.

ஆதலின் பேராக்கின் தமிழாசிரியர்களிடம் நான் வேண்டுவது இதுவே: வரும் பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, மரஞ்சீவிய நாளின் சொற்களை, உச்சரித்தபடியே, திருத்தாமல் எழுதி வரட்டும்.