மேகம் அருவிக்குச் செல்லும் வழி

ஏரிநீரையும் கிணற்றுநீரையும் நம்பி வாழும் திண்டிவனம், விழுப்புரம் சமவெளியினர்க்கு அருவி என்பது பெரும்பாலும் பாட்டில் கேட்ட ஒலியே ஆகும். ஆயினும் மேற்கே கல்வராயன் மலையில், சாலையை விட்டுக் காட்டினுள் நடந்து அடையவேண்டிய மேகம் அருவி 1993 முதல் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திற்கே உரியதாயிருந்தது. பின்னர்க் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது.

மலைவழி செல்வோர்க்கு இப்பகுதியில் எழுந்த தொன்மையான வழிகாட்டி மலைபடுகடாம் எனலாம். கல்வராயனுக்கு வடக்கே, செங்கத்து நன்னனை நாடும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் அந்நூல் 583 அடிகளை உடையது. அருவியொலி முதலாக மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அது நிரல்படக் கூறுகிறது. எனினும் அவற்றிற்கு முன்பே, வந்தவரை உண்பித்து ஓம்பும் கானவர் குடிகளைக் காட்டிவிடுகிறது.

கல்வராயன் மலையாளிப் பழங்குடியினரோ 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தனர். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்த பின்னரே அரசின் நேர் ஆட்சி அம்மலையை எட்டியது. சாலை முதலிய அடிப்படை வசதிகள் பற்றி 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வினவ நேர்ந்தது.

அருவியைப் பாடப் புகும் கவிஞர், அதற்குச் செல்லும் வழியில் உள்ள குடிகளை முதலில் காண்பதே பழம்புலவர் காட்டிய முறையாகும்.