கம்பியா, வானலையா?

வீட்டு விளக்கையும் வாயிற்கதவையும் கைப்பேசியால் இயக்க விழையும் புக்கிட் பெருந்துங் குடும்பம் இன்று வைஃபையா, ஜிக்பீயா என ஆராயும். செய்தியை எவ்வழியே இல்லத்துள் கொணர்வது என்னும் வினா மலாயாவுக்குப் புதிதன்று.

1946 ஏப்ரல் 1இல் மலாயா வானொலி தோன்றிற்று. 1949இல் ரெடிபியூஷன் கோலாலம்பூர் இல்லங்களுக்குக் கம்பி வழியே ஒலியைக் கொணர்ந்தது. அதற்கு ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றே போதும். இடிமின்னலின் கரகரப்பும் இல்லை. ஆயின் நிலையத்தார் அனுப்பியதையே கேட்கலாம். அதுவும் கம்பி ஓடிய தெருவில் குடியிருந்தால்தான்!

வட சிலாங்கூர்த் தோட்டங்களின் லயங்கள் அத்தெருக்களுக்கு அப்பால் இருந்தன. அங்கே மின்கல வானொலியே வழி. 1948இல் அவசரகாலம் பிறந்தபின் அரசும் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகளையே வைத்தது. உரிமக் கட்டணம் கட்டிச் சொந்தப் பெட்டி வாங்கியவர், சிற்றலையில் அகில இந்திய வானொலியின் கடல்கடந்த தமிழ் ஒலிபரப்பையும் தேடிப் பிடிக்கலாம். தோட்டத்துத் தமிழருக்கு அது சிறிய உரிமையா?

கரகரப்பு மட்டும் வானலையை விட்டபாடில்லை. வைஃபையும் ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்சில் நெருங்கி உலவுவதால், அன்று இடி செய்த இடையூற்றை இன்று அண்டை வீட்டு வைஃபை செய்கிறது.