வெட்கம் தடுக்காத கேள்விகள்

உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் ஒருநாள் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரைத்துவிட்டு, ஒரு பெண்ணுக்குக் கனவில் ஸ்கலிதம் ஏற்பட்டால் அவள்மீது குளிப்பு கடமையாகுமா என்று கேட்டார்கள். ஈரத்தைக் கண்டால் குளிக்க வேண்டும் என விடை கிடைத்தது. அங்கிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஆயினும் மூடிய முகத்தோடேயே, பெண்ணுக்கும் அது உண்டா என்று தாமும் கேட்டார்கள். இல்லையெனில் பிள்ளை தாயின் சாயலில் பிறப்பது எவ்வாறு என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

இமாம் புகாரி (ஹி. 256இல் மறைந்தவர்) இச்செய்தியைக் குளிப்பைப் பற்றிய பகுதியில் மட்டும் வைக்கவில்லை. கல்வியைப் பற்றிய பகுதியிலும், கற்பதில் நாணம் என்னும் தலைப்பின்கீழ் வைத்தார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்வதினின்று அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தது அத்தலைப்பின் தொடக்கத்திலேயே உள்ளது. அதற்கு அடுத்த தலைப்புதான் என்னை வெகுநேரம் நிறுத்தியது. தான் வெட்கப்பட்டுப் பிறரைக் கேட்கச் சொன்னவரைப் பற்றியது அது. அலீ (ரலி) அவர்களுக்கு மதீ எனும் இச்சைநீர் அடிக்கடி வெளிப்படும். மாமனாரிடம் அதைக் கேட்க நாணம். ஆகவே மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் சொன்னார்கள். உளூ போதும் என்று விடை வந்தது. அலீயின் வெட்கத்தை எவரும் பழிக்கவில்லை. அவர்களும் அந்த வெட்கத்தைக் காரணம் காட்டி அறியாமல் இருந்துவிடவில்லை. நாணம் அங்கே கேட்கும் வழியை மாற்றியது, கேள்வியை அழிக்கவில்லை.

விடை சொன்னவர்களுக்கும் நாணம் இருந்தது. மாதவிடாய்க்குப் பின் குளிக்கும் முறையைக் கேட்க வந்த ஒரு பெண்ணிடம், கஸ்தூரி தோய்த்த பஞ்சினால் சுத்தம் செய்துகொள்ளுமாறு நபியவர்கள் கூறினார்கள். எப்படி என்று அவர் மீண்டும் மீண்டும் கேட்டபோது, ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்றதற்கு மேல் விரித்துரைக்க நபியவர்களுக்கு இயலவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் அப்பெண்ணைத் தம் பக்கம் இழுத்து, இரத்தம் பட்ட இடங்களைத் துடைக்க வேண்டும் என்று விளக்கினார்கள். பிற்காலத்தில் மதீனாவின் பெண்கள், மஞ்சள் கறை படிந்த பஞ்சைச் சிறு பேழையில் வைத்து அவர்களுக்கு அனுப்பி, தொழத் தொடங்கலாமா என்று கேட்பதுண்டு. வெண்ணிறத்தைக் காணும்வரை அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியனுப்புவார்கள். இமாம் மாலிக்கின் முவத்தா இதைப் பதிந்துள்ளது.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் எதைச் சொல்வது என்பதற்கும் ஒரு வரிசை இருந்தது. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், பருவமடையாத சிறுவர்களும் ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்பும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. அடுத்த வசனம், பருவமடைந்தபின் எந்நேரமும் கேட்க வேண்டும் என்கிறது. காரணம் சொல்லாமல் ஒரு குழந்தையைக் கதவருகே நிறுத்த முடியுமா? உடலுக்கு மறைவிடம் உண்டு என்ற முதற்பாடம் அங்கே தொடங்கிவிடுகிறது. ஏழு வயதில் தொழுகையை ஏவும் ஹதீஸே பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொல்கிறது.

ஹளரமௌத்தில் பிறந்து பத்தாவியாவில் மறைந்த ஸாலிம் இப்னு ஸுமைர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஸஃபீனத்துந் நஜா’, ஷாஃபிஈ மத்ஹபின் தொடக்க நூல்களுள் ஒன்று. இஸ்லாத்தின் கடமைகள், ஈமானின் கடமைகள், கலிமாவின் பொருள் ஆகியவற்றை அடுத்து உடனே வருவது பருவமடைந்ததன் அடையாளங்கள் மூன்று: ஆணுக்கும் பெண்ணுக்கும் 15 வயது நிறைவு; ஒன்பது வயது முதல் இருபாலாருக்கும் ஸ்கலிதம்; ஒன்பது வயது முதல் பெண்ணுக்கு ஹைளு. உளூவின் ஃபர்ளுகள் இதற்குப் பின்னரே வருகின்றன. அதாவது, அந்நூலைத் தொடக்கத்தில் ஓதும் பிள்ளை, நிகழ்வுக்கு முன்பே அதன் பெயரைக் கேட்டுவிடுகிறது.

நம் கரையிலும் இத்தகைய முயற்சி இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்னும் ஃபிக்ஹு நூலை அரபுத்தமிழில் எழுதினார்கள். குர்ஆன் ஓதக் கற்ற பெண், அதே எழுத்தில் தன் தாய்மொழியில் சட்டங்களை வீட்டிலிருந்தே வாசிக்க அது வழி செய்தது. பிறரிடம் வாய்விட்டுக் கேட்கக் கூசுபவளுக்கு ஏடே மிக்தாதாக இருந்தது என்று சொல்லலாம். அரபுத்தமிழை வாசிப்போர் அருகியபோது அந்த வழி பெரிதும் அடைபட்டது. அவ்விடத்தில் வேறெதையும் நாம் வைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

இன்று ‘இஹ்திலாம்’ என்னும் சொல்லைப் பொருளறியாது மனனம் செய்யும் சிறுவன், ஒரு விடியலில் நனைந்த ஆடையைக் கண்டு நோயென்று அஞ்சுகிறான். குளிப்பு கடமையென அறியாமலே பள்ளிவாசலுக்கும் போகிறான். ரமளானில் முதல் ஹைளைக் கண்ட சிறுமி, எவரிடமும் சொல்லாமல் மஃக்ரிப் வரை பசியோடிருக்கிறாள். அவ்வீட்டில் தாயோ, பெரியம்மாவோ, மாமியோ இருக்கிறார்கள். அவள் வந்து கேட்கட்டும் என்று அவர்களும், அவர்கள் அழைத்துச் சொல்லட்டும் என்று அவளும் காத்திருக்கிறார்கள்.